மூன்று மாதத்தில் 28 சதவீதக் கொழுப்பிலிருந்து 15-க்கு: எது நடக்கும், எது நடக்காது

கேள்வியின் சுருக்கம் இது: வயது 34, ஆண், உயரம் 172 செ.மீ., எடை 82 கிலோ. ஜிம்மில் உள்ள மெஷின் உடல் கொழுப்பு 28 சதவீதம் என்று காட்டுகிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை, எடைப் பயிற்சிக்குப் புதியவர். மூன்று மாதத்தில் கொழுப்பை 15 சதவீதத்துக்கு இறக்கி, கூடவே 5 கிலோ தசையும் ஏற்ற வேண்டும். என்ன சாப்பிடுவது, எப்படிப் பயிற்சி செய்வது?

இந்த இலக்கு நடக்காது. அதே மூன்று மாதத்தில் உண்மையாகவே நடக்கக்கூடியது, சுமார் 5 கிலோ கொழுப்பு குறைவதும் ஒரு கிலோ அளவுக்குத் தசை ஏறுவதும். எடை 78-க்கு வரும், சதவீதம் 23 ஆகும். காகிதத்தில் இது சிறிதாகத் தெரியும். ஆனால் பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவத் தொடங்கும் அளவு மாற்றம் இது.

ஏன் என்பதற்குக் கணக்கைப் பார்ப்போம். 82 கிலோவில் 28 சதவீதம் என்றால் கொழுப்பு ஏறக்குறைய 23 கிலோ, மீதி 59 கிலோ கொழுப்பில்லா எடை. இந்த 59-ம் தசை என்று எண்ணிவிடாதீர்கள். எலும்பு, உள்ளுறுப்பு, ரத்தம், நீர், தசையில் சேமிக்கப்பட்ட கிளைகோஜன் (மாவுச்சத்திலிருந்து உடல் சேமித்து வைக்கும் எரிபொருள்) எல்லாம் அதில் அடக்கம். இலக்கு எடை வேண்டுமானால் கொழுப்பில்லா எடையை, நூற்றிலிருந்து இலக்குச் சதவீதத்தைக் கழித்து வரும் சதவீதத்தால் வகுக்க வேண்டும். 15 சதவீதத்துக்கு 59 ÷ 0.85 = 69.4 கிலோ. அதாவது 12.6 கிலோ குறைய வேண்டும், அத்தனையும் கொழுப்பாகவே குறைய வேண்டும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 91 நாளுக்குப் பிரித்தால் தினம் 1,050 கலோரிக்கு மேல் பற்றாக்குறை, அதாவது செலவைவிட அவ்வளவு குறைவாகச் சாப்பிட வேண்டும். உங்கள் ஒரு நாள் செலவு 2,400 கலோரி அளவில்தான் இருக்கும். எனவே மூன்று மாதம் முழுக்க 1,350 கலோரியில் ஓட்ட வேண்டும், அந்தப் பட்டினியிலேயே 5 கிலோ தசையும் கட்ட வேண்டும். போதுமான அளவு சாப்பிட்டு ஒழுங்காகப் பயிற்சி செய்யும் புதிய ஆணுக்கே மாதம் அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை தசை ஏறினால் நல்ல வேகம். பெண்களுக்கு அதில் ஏறக்குறைய பாதி. முதல் வருடம் தாண்டினால் இந்த வேகமும் இறங்கிவிடும்.

இந்தக் கணக்கில் பலர் பார்க்காமல் விடும் ஓர் இடம் உண்டு. 15-ஐ விடுங்கள், 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வோம். தசை கொஞ்சமும் போகாமல் கொழுப்பு மட்டும் குறைந்தால் 59 ÷ 0.80, அதாவது 74 கிலோவுக்குச் சற்றுக் கீழே. எட்டே கால் கிலோ குறைத்தால் போதும். ஆனால் எடைப் பயிற்சி இல்லாமல், புரதமும் குறைவாக, வெறுமனே சாப்பாட்டைக் குறைத்தால் குறையும் எடையில் கால் பங்கு கொழுப்பில்லாத எடையாகப் போவது சாதாரணம். அப்படிப் போனால் அதே 20 சதவீதத்தைத் தொட 70 கிலோ வரை இறங்க வேண்டும், 12 கிலோ குறைக்க வேண்டும். பயிற்சியால் ஒரு கிலோ தசை கூடினாலோ 75 கிலோவிலேயே 20 சதவீதம் வந்துவிடும். ஒரே ஆள், ஒரே சதவீதம், எடையில் 5 கிலோ வித்தியாசம். தசையைக் காப்பாற்றுவது அழகுக்காக மட்டும் இல்லை, பட்டினி கிடக்க வேண்டிய மாதங்களையே அது குறைக்கிறது.

இனி அந்த 28-ஐயே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஜிம் மெஷின்கள் உடலுக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு அதற்கு வரும் தடையை அளக்கின்றன. கொழுப்பை அவை நேரடியாக அளப்பதே இல்லை. தடையை வைத்து உடல் நீரை ஊகித்து, அதோடு உயரம், எடை, வயது, பாலினம் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு விடையைச் சொல்கின்றன. தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண், வியர்த்தபின் ஏறினால் வேறொரு எண். காலால் மட்டும் நிற்கும் மெஷினில் மின்னோட்டம் பெரும்பாலும் கீழுடம்பு வழியாகவே ஓடுகிறது, மேலுடம்பு ஊகம்தான். ஒரு தனிமனிதருக்கு நான்கு புள்ளி இப்படி அப்படி இருப்பதில் வியப்பில்லை. உங்கள் உண்மையான அளவு 24 என்றால் 20 சதவீதத்துக்கான எடை 78 கிலோ, 32 என்றால் 70 கிலோ. தோல்மடிப்பை இடுக்கியால் அளக்கும் முறை அளப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. எக்ஸ்ரே கதிரால் உடலை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இவற்றைவிட நம்பகமானது என்றாலும் உடலில் நீர் ஏறி இறங்குவதை அதுவும் கொழுப்பில்லா எடையில்தான் சேர்க்கும். பயிற்சி செய்பவர்கள் எடுக்கும் துணை உணவான கிரியேட்டினை எடுக்கத் தொடங்கிய முதல் வாரங்களில் கொழுப்பில்லா எடை ஒரு கிலோ கூடியதாக ஸ்கேன் காட்டினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்.

அதனால் சதவீதத்தை இலக்காக வைக்காதீர்கள். மெஷின் கையில் இருந்தால் ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே மெஷினில், காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும் போதும். தோராய வரையறை வேண்டுமென்றால் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் பட்டியலில் நல்ல உடற்தகுதியுள்ள ஆண்களுக்கு 14–17, பெண்களுக்கு 21–24 என்றும், சாதாரணமாக ஏற்கத்தக்கது ஆண்களுக்கு 18–24, பெண்களுக்கு 25–31 என்றும் இருக்கிறது. உடல் இயங்கவே தேவையான கொழுப்பு பெண்களுக்கு 10–13 சதவீதம், ஆண்களைவிட மிக அதிகம். ஆணின் எண்ணைப் பார்த்துப் பெண் இலக்கு வைப்பது எல்லாவற்றையும்விட மோசமான தவறு. 15 சதவீதம் ஆணுக்கு எட்டாத உயரம் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேருவதைவிட அங்கேயே இருப்பது கடினம், உங்கள் நிலையில் அது இரண்டாவது வருட இலக்கு.

சதவீதத்துக்குப் பதிலாக எதை எழுதி வைப்பது? 13 வாரத்துக்கு இப்படி: வாரச் சராசரி எடை 77-க்கும் 79-க்கும் இடையில். இடுப்புச் சுற்றளவு 4 முதல் 6 செ.மீ. குறைவு. முக்கியமான நான்கைந்து பயிற்சிகளில் தூக்கும் எடை தொடக்கத்தைவிடத் தெளிவாகக் கூடுதல். இம்மூன்றும் விளைவுகள், உங்கள் கட்டுப்பாட்டில் பாதிதான் இருப்பவை. முழுக்க உங்கள் கையில் இருப்பது வாரம் மூன்று பயிற்சி, தினம் 130 கிராம் புரதம், 1,900 கலோரி, 8,000 ஸ்டெப்ஸ், ஏழு மணி நேரத் தூக்கம். மாதக் கடைசியில் உங்களை நீங்களே மதிப்பிட வேண்டியது இந்த இரண்டாவது பட்டியலை வைத்து. நீண்டகாலத்துக்கு ஒரே ஒரு எண் வேண்டுமென்றால், இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே. உங்களுக்கு 86 செ.மீ. உடல்நலக் கோணத்தில் கொழுப்புச் சதவீதத்தைவிட இது பயனுள்ள எண், அளக்க டேப் போதும்.

டேப் பிடிப்பதிலும் முறை உண்டு. கடைசி விலா எலும்பின் அடிப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், தரைக்கு இணையாக, தோலை அழுத்தாமல், இயல்பாக மூச்சை வெளியே விட்டபின் அளக்க வேண்டும். பேன்ட் கட்டும் இடம் அதற்குச் சற்றுக் கீழே இருக்கும், அதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு முறை அளந்து, ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை அளக்கவும். வாரம் ஒரு முறை போதும்.

உணவுக் கணக்குக்கு வருவோம். ஓய்வில் உடல் எரிப்பதை மிஃப்ளின்–செயின்ட் ஜோர் சூத்திரம் இப்படிக் கணக்கிடுகிறது: எடை × 10, கூட்டல் உயரம் செ.மீ. × 6.25, கழித்தல் வயது × 5. ஆண் என்றால் 5-ஐக் கூட்ட வேண்டும், பெண் என்றால் 161-ஐக் கழிக்க வேண்டும். உங்களுக்கு 820 + 1,075 − 170 + 5 = 1,730. உட்கார்ந்த வேலையும் வாரம் மூன்று பயிற்சியும் சேர்த்து 1.4-ஆல் பெருக்கினால் 2,400 சொச்சம். இது தொடக்க ஊகம், தீர்ப்பு இல்லை. ஒரே உயரம், எடை உள்ள இருவரிடையே இருநூறு முந்நூறு கலோரி வேறுபடலாம். முதல் மூன்று வாரத் தரவு வந்ததும் சூத்திரத்தை மறந்துவிட்டு அந்தத் தரவை நம்புங்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை குறைவது நல்ல வேகம். கொழுப்பு அதிகமாக இருப்பவர் ஒரு சதவீதத்தை ஒட்டிப் போகலாம், ஏற்கெனவே மெலிந்தவர் அரை சதவீதத்தோடு நிற்க வேண்டும். 500 கலோரி பற்றாக்குறை உங்களுக்குப் பொருந்தும், ஆகவே 1,900. இதில் புரத அளவை முதலில் முடிவு செய்யுங்கள். இலக்கு எடையில் கிலோவுக்கு 1.6 முதல் 2.2 கிராம். 74 கிலோவுக்கு 1.8 கிராம் வைத்தால் 130 கிராம் சொச்சம், அதில் 520 கலோரி போகிறது. கொழுப்பு 60 கிராம், 540 கலோரி. மிச்சமுள்ள 840 கலோரியில் 210 கிராம் மாவுச்சத்து. நார்ச்சத்து தினம் 25–30 கிராம் இருந்தால் பசி அடங்கும். புரதத்தை மூன்று நான்கு வேளையாக, வேளைக்கு 30–40 கிராம் என்று பிரிப்பது வசதி. அரை மணிக்குள் குடிக்காவிட்டால் பயிற்சியே வீண் என்ற பயம் தேவையற்றது. நாள் மொத்தமே முக்கியம். மாவுச்சத்து, கொழுப்பு விகிதத்தில் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை, கலோரியும் புரதமும் சரியாக இருந்தால்.

புரதத்தை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. 2016-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் எடை கூடிய 40 இளைஞர்களுக்கு உணவைத் தேவையைவிட 40 சதவீதம் குறைத்து, வாரம் ஆறு நாள் கடும் பயிற்சி கொடுத்து, நான்கு வாரம் பார்த்தார்கள். கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது, கொழுப்பில்லா எடை மாறவில்லை. 2.4 கிராம் எடுத்தவர்களுக்குக் கொழுப்பு 4.8 கிலோ குறைந்து, கொழுப்பில்லா எடை 1.2 கிலோ கூடியது. கண்காணிப்பில் வைத்துச் செய்ததால் வந்த வேகம் அது, வீட்டில் எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் ஒரே சமயத்தில் கொழுப்பு குறைந்து தசை ஏற முடியும் என்பதற்கு அது நல்ல சான்று. பயிற்சிக்குப் புதியவர், கொழுப்பு அதிகமுள்ளவர், பயிற்சியை விட்டுத் திரும்ப வருபவர் ஆகிய மூவருக்கும் இது எளிது. பல வருடம் தூக்கியவருக்கு மிக மெதுவாகத்தான் நடக்கும். அவர் ஏற்றுவதையும் குறைப்பதையும் தனித்தனிக் கட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

பயிற்சி சிக்கலாக இருக்கத் தேவையில்லை. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் முழு உடம்பு. ஸ்குவாட் வகை ஒன்று, இடுப்பை மடக்கித் தூக்கும் டெட்லிஃப்ட் வகை ஒன்று, நெஞ்சுக்குத் தள்ளுவது, தலைக்கு மேல் தள்ளுவது, முன்னிருந்து இழுப்பது, மேலிருந்து இழுப்பது. ஒவ்வொன்றும் மூன்று செட், ஒரு செட்டில் இடைவிடாமல் 8–12 முறை. வாரக் கணக்கில் ஒவ்வொரு பெரிய தசைக்கும் பத்து செட் அளவு கிடைத்துவிடும். ஒரு செட்டை நிறுத்தும்போது இன்னும் ஒன்றிரண்டு முறைதான் தூக்க முடியும் என்ற நிலையில் இருக்க வேண்டும். பத்து முறை முடித்துவிட்டு இன்னும் ஆறு முறை முடியும் என்று தோன்றினால் அது வார்ம்-அப். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டி மறுபடி 8-இலிருந்து தொடங்குங்கள். நோட்டில் எழுதுங்கள். தசை போகிறதா இருக்கிறதா என்று அறிய எந்த மெஷினையும்விட இந்த நோட்டு மேல். உடல் எடை இறங்கும்போது தூக்கும் எடை நிற்கிறது அல்லது ஏறுகிறது என்றால் போவது கொழுப்பு. எல்லாப் பயிற்சியிலும் இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து பலம் சரிந்தால் பற்றாக்குறை அதிகம், அல்லது தூக்கம் போதவில்லை.

நடையும் கார்டியோவும் இதயத்துக்கும் பற்றாக்குறைக்கும் உதவும், தசையை அவை மட்டும் காப்பாற்றாது. கைக்கடிகாரம் 400 கலோரி எரித்தாய் என்று காட்டினால் அதைச் சாப்பிட்டு ஈடுகட்டாதீர்கள், அந்த எண்கள் அடிக்கடி மிகையாக இருக்கும். வயிற்றுப் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது, கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போகும் என்பது உடல்வாகு.

தூக்கத்தை அலட்சியம் செய்பவர்கள் அதிகம் என்பதால் ஒரு விவரம். 2010-இல் வெளியான சிகாகோ ஆய்வில் பத்துப் பேரை ஒரே அளவு குறைந்த கலோரியில் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்க வைத்தார்கள். இரண்டிலும் எடை குறைந்தது ஏறக்குறைய ஒரே அளவுதான். நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ. மீதியெல்லாம் கொழுப்பில்லா எடை. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

எடை பார்ப்பதில்தான் பலர் மனம் உடைந்து நிறுத்துகிறார்கள். தினமும் காலையில், கழிவறை போய்வந்தபின், எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் பாருங்கள், ஏழு நாள் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு மாதிரி: திங்கள் முதல் ஞாயிறு வரை 79.6, 79.9, 79.2, 80.3, 79.8, 79.3, 79.1. சராசரி 79.6. அடுத்த வாரம் 79.4, 79.0, 79.7, 79.3, 78.8, 78.9, 79.0. சராசரி 79.2. வாரம் ஒருமுறை, புதன்கிழமை மட்டும் எடை பார்ப்பவராக இருந்தால் 79.2 போய் 79.7 ஆகிவிட்டது, அரை கிலோ ஏறிவிட்டது என்று அன்றே சாப்பாட்டை வெட்டியிருப்பார். உண்மையில் 0.4 கிலோ குறைந்திருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் உப்பு, மாவுச்சத்து, கடும் பயிற்சிக்குப் பிந்தைய வீக்கம், மலச்சிக்கல் இவற்றால் வருவது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் மூன்று கிராம் நீர் சேமிக்கப்படுகிறது. முதல் வாரம் இரண்டு கிலோ சடாரென்று குறைவதும், ஒரு விருந்துக்கு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறுவதும் இதனால்தான். இரண்டையும் கணக்கில் எடுக்காதீர்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்குச் சுழற்சியின் பின்பாதியில் நீர் தங்கி எடை கூடலாம், ஆகவே சென்ற சுழற்சியின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

மூன்று வாரமாகச் சராசரியும் நகரவில்லை, இடுப்பும் குறையவில்லை என்றால்தான் தேக்கம். எடை நின்று இடுப்பு குறைந்துகொண்டிருந்தால் எதையும் மாற்ற வேண்டாம், அதுதான் நீங்கள் விரும்பிய மாற்றம். உண்மையான தேக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது உணவுப் பதிவை. குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்த 1992 ஆய்வு ஒன்றில், அவர்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. பொய் சொன்னார்கள் என்பதில்லை, கண் மதிப்பீடு அவ்வளவு தவறும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி. அதைத் தாராளமாகச் சாய்த்தால் பற்றாக்குறையில் பாதி அடுப்பிலேயே போய்விடும். வார இறுதியும் அப்படித்தான். ஐந்து நாள் 500 வீதம் சேர்த்த 2,500-இல், சனி ஞாயிறு தேவைக்கு மேல் ஆயிரம் ஆயிரம் போனால் மிஞ்சுவது 500. பத்து நாள் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள். அப்படியும் நகராவிட்டால் 150–200 கலோரி குறையுங்கள், அல்லது 2,000 ஸ்டெப்ஸ் கூட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது வேலை செய்தது என்றே தெரியாது. மறுபக்கம், மூன்றாவது வாரத்துக்குப் பிறகும் வாரம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் சந்தோஷப்படாமல் 150–200 கலோரி கூட்டுங்கள்.

கூடவே செலவும் இறங்கிக்கொண்டு வரும். உடல் எடை குறைந்தால் அதைச் சுமக்க ஆகும் கலோரி குறையும். அதோடு பற்றாக்குறையில் இருப்பவர் தெரியாமலேயே குறைவாக நடமாடுவார், உட்கார்ந்த இடத்தைவிட்டு எழமாட்டார். 1,900-இல் முதல் மாதம் வந்த வேகம் நான்காவது மாதம் வராது. 7,700-ஐ வைத்து ஒரு வருடத்துக்கு நேர்கோடு போடும் கணக்குகள் எல்லாம் இங்கேதான் தோற்கின்றன.

மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால், எப்போதும் குளிர்வதாகவோ மயக்கமாகவோ இருந்தால், சாப்பாட்டைப் பற்றிய எண்ணமே நாள் முழுக்க ஓடினால் பற்றாக்குறையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் கலோரியைக் குறைக்கும் முன்பே மருந்தளவைப் பேசிக்கொள்ள வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மேலே சொன்ன புரத அளவு பொருந்தாது. கர்ப்பிணிகளும் 18 வயதுக்குட்பட்டவர்களும் உணவுக்கோளாறு இருந்தவர்களும் இந்த வழியில் தாமாக இறங்க வேண்டாம்.

13 வாரம் முடிந்ததும் நேராக அடுத்த இறக்கத்துக்குப் போகாதீர்கள். இரண்டு வாரம் அப்போதைய எடைக்கான பராமரிப்புக் கலோரியில் (எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவு), தோராயமாக 2,300-இல், பயிற்சியை அப்படியே வைத்துக்கொண்டு சாப்பிடுங்கள். கூட்டும் கலோரியைப் பெரும்பாலும் மாவுச்சத்தாக வையுங்கள். முதல் சில நாளில் ஒரு கிலோ வரை ஏறி நிற்கும், அது கிளைகோஜனும் நீரும். அந்த இரண்டு வாரத்தின் சராசரியே உங்கள் புதிய தொடக்க எடை. அதை வைத்து மேலே உள்ள கணக்கை மறுபடி போடுங்கள். இந்த வேகத்தில், நடுவில் இடைவெளிகளையும் சேர்த்தால், 20 சதவீதம் வருவது ஆறு மாத அளவில். அங்கே மூன்று மாதம் எடை ஏறாமல் நிறுத்த முடிந்தால் 15-ஐப் பற்றி அப்போது பேசலாம்.